பூந்தொட்டிக்குள் அப்பா

குட்டித் தம்பி லூயியின் தூளிக்கயிற்றில் எப்போதும் இரண்டு பொருள்கள் கட்டியிருக்கும். ஒன்று, மாதா உருவம் பதித்த சின்னச் சுரூபம். இன்னொன்று, அப்பா.

அப்பா என்றால் முழு அப்பா இல்லை, ஒரு செல்போன். அம்மா ஒரு பழைய பாவாடைத் துணியில் சின்னப் பை தைத்து, அதற்குள் போனைப் போட்டு, சுரூபத்துக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருந்தார். லூயி புரண்டு படுத்தால் அந்தப் பை அவன் காதில் இடிக்கும்.

சிந்தியாவின் அப்பா ஜோசப் ஆனந்துக்குப் பாரிஸ் நகரத்தில் ஓர் ஓட்டலில் சமையல் வேலை. லூயி அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே விமானம் ஏறிவிட்டார். மகனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். மகனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அப்பா போட்டோவைக் கையில் கொடுத்தால் வாயில் வைத்துச் சப்பிவிடுகிறான்.

ஆனால் குரல் தெரியும். தினமும் சாயங்காலம் கோயில் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும். அம்மா பொத்தானை அழுத்திவிட்டு, பையைத் தம்பியின் காதோரம் நகர்த்துவார்.

"மொன் பெத்தி, என்னடா பண்ற? அம்மாவைத் தூங்க விடறியா?"

மொன் பெத்தி என்றால் பிரெஞ்சில் 'என் சின்னக்குட்டி'. தினமும் அதே கேள்விதான். லூயியும் தினமும் கால்களை உதைத்து, 'ங்கா' என்று அதே பதிலைச் சொல்வான். பிறகு அப்பா அன்றைக்கு என்ன சமைத்தார், யார் சாப்பிட்டார்கள் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். வெங்காய சூப் வைக்கும் கதை பாதியில் இருக்கும்போதே இவன் தூங்கிப்போவான்.

பேசி முடித்த பிறகும் போன் தூளிக்கயிற்றிலேயேதான் இருக்கும். அதற்கு ஒரு காரணம் அந்த வீடு. மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ரொம்பப் பழைய வீட்டின் பின்கட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சுவர்கள். ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். செல்போனின் சிக்னல் அதைத் தாண்டி உள்ளே வர யோசிக்கும். அறையின் மேல் ஜன்னலுக்குக் கீழே, தூளி தொங்கும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு கோடு வரும்.

இன்னொரு காரணத்தை அம்மாதான் சொல்லுவார்.

"கூடவே இருக்கட்டும்டி. அப்பா பக்கத்துல இருக்கற மாதிரி."

அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது. தவளக்குப்பத்தில் அவருடைய தோழி சுமலதா இருக்கிறார். அவர் கணவர் துபாயிலிருந்து திரும்பி வந்தபோது, அவர்களுடைய குழந்தை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. "இந்த மாமா எப்பம்மா போவாரு?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர் மட்டும் கொல்லைப் பக்கம் போய் அழுதார். அதை அம்மா பார்த்திருக்கிறார்.

"கிறிஸ்துமஸுக்கு அப்பா வரப்போறார். வந்து கையை நீட்டும்போது லூயி அழாம அவர்கிட்ட போகணும். எனக்கு அது போதும்," என்பார் அம்மா.

சிந்தியாவுக்கும் அதுதான் ஆசை. அப்பா அழுது அவள் பார்த்ததே இல்லை. பார்க்கவும் வேண்டாம்.

இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வடிவேல் வந்தான்.

வடிவேல் ஆறாம் வகுப்பில் சிந்தியாவுக்குப் பின் பெஞ்சு. மூலக்குளத்திலிருந்து சைக்கிளில் வருவான். வரும்போதே ஒரு செய்தியோடுதான் வருவான். அதில் பாதி பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"இன்னா தெரியுமா? ரெண்டு செல்போனுக்கு நடுவுல ஒரு முட்டைய வச்சு, இதுலருந்து அதுக்குப் பேசினா முட்டை வெந்துடுமாம். எங்கண்ணன் பிரௌசிங் சென்டர்ல பாத்துட்டு வந்து சொன்னான்," என்றான் மதியச் சாப்பாட்டு நேரத்தில்.

"அடுப்பே இல்லாமயா?" என்றாள் சிந்தியா.

"அடுப்பு எதுக்கு? போன்லருந்து கதிர் வருது இல்ல? கண்ணுக்குத் தெரியாது. முட்டையே வெந்துடும்னா, காதுல வச்சுப் பேசறவங்க மூளை இன்னா ஆகும்? யோசிச்சுக்கோ."

"உனக்குக் கவலையே இல்லடா, இருக்கறவங்கதான் பயப்படணும்," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சிந்தியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. லூயியின் தலை உச்சியில் மெத்தென்று ஓர் இடம் இருக்கிறது. அவன் தூங்கும்போது அது மெல்லத் துடிக்கும். எலும்பு இன்னும் சேரவில்லை, விரலை வைக்காதே என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போன் தொங்குகிறது.

அன்று அவளுடைய டிபன் பாக்ஸில் அவித்த முட்டை இருந்தது. மூடியை அப்படியே மூடிவிட்டாள்.

சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில், பையிலிருந்து போனை எடுத்து, அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். தம்பி தப்பித்தான் என்று அவளுக்குப் பெரிய நிம்மதி. அந்த மூலையில் ஒரு கோடு சிக்னல்கூட வராது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கோயில் மணி அடித்தது. போன் அடிக்கவில்லை.

லூயி பையைப் பார்த்தான். கால்களை உதைத்தான். 'ங்கா' என்று தானே தொடங்கிப் பார்த்தான். பதில் இல்லை. அப்புறம் அழத் தொடங்கினான். அம்மா ஆட்டினார், பாடினார், தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவன் நிறுத்துவதாக இல்லை.

"ஏன் இன்னும் போன் வரல?" என்று அம்மா பையைத் தொட்டுப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"சிந்தியா, போன் எங்கடி?"

சிந்தியா அலமாரியைக் காட்டினாள். முட்டைக் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஏதோ போலத்தான் இருந்தது.

அம்மா கோபமாகக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"அவர் அங்க அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு, என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு தவிச்சிட்டு வேலைக்குப் போயிருப்பாரு. பிள்ளை இங்க அழுது தொண்டை கட்டிப்போச்சு. உனக்குப் பயமா இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? அப்பாவைக் கொண்டுபோய்ப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால வச்சிட்டியே."

சிந்தியாவுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. போன் மறுபடியும் தூளிக்கயிற்றுக்குப் போனது.

மறுநாள் அப்பா பேசினார். "நேத்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல ரோசா," என்று அவர் அம்மாவிடம் சொன்னது பக்கத்தில் நின்ற சிந்தியாவுக்கும் கேட்டது. அம்மா அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சிக்னல் இல்லைங்க," என்று முடித்துவிட்டார். அது சிந்தியாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை நேராக வடிவேல் வீட்டுக்குப் போனாள்.

"உங்கண்ணன் போன், உங்கப்பா போன், ஒரு முட்டை. கொண்டா. இன்னிக்குப் பார்த்துடலாம்."

"நிஜமாவா?"

"நீதானடா சொன்ன?"

வடிவேல் தலையைச் சொறிந்தான். இருந்தாலும் எல்லாவற்றையும் கொண்டுவந்தான். கூடத்தில் முட்டையை ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். அங்கிருந்து இங்கே அழைத்து, இருவரும் முட்டையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வடிவேலின் அண்ணன் வந்து, "என் போன் எங்கடா?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

சிந்தியா முட்டையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் தட்டி உடைத்தாள். மஞ்சளும் வெள்ளையும் கொழகொழவென்று கிண்ணத்தில் விழுந்தன.

"கொஞ்சம் கூட வேகலையே," என்றான் வடிவேல் வருத்தமாக. "எங்கண்ணன நம்பினேன் பாரு."

வடிவேலின் அம்மா அந்த முட்டையோடு இன்னும் ஒன்றைச் சேர்த்து ஆம்லெட் போட்டுக் கொடுத்தார். சிந்தியா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "முட்டை வேகலம்மா. எல்லாம் புளுகு," என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா சிரித்துக்கொண்டே அவள் தலையைத் தடவினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

அன்று சாயங்காலம் லூயி நச்சரித்துக்கொண்டிருந்தான். பாட்டுக் கேட்டால் சும்மா இருப்பான் என்று, அப்பாவின் குட்டி டிரான்சிஸ்டரை எடுத்துவந்து தூளிக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் வைத்தாள் சிந்தியா. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, திடீரென்று ரேடியோ இரைந்தது.

டிர்ர்ர், டிடிட் டிடிட் டிடிட், டிர்ர்ர்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் போன் அடித்தது. அப்பாதான்.

அப்பா பேசும்போதும் ரேடியோ மெல்ல இரைந்துகொண்டே இருந்தது. சிந்தியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடிப்பதற்கு முன்பே ரேடியோவுக்கு எப்படித் தெரிந்தது? போன் எதையோ வெளியே அனுப்பியிருக்கிறது. நம் காதுக்குத்தான் அது கேட்கவில்லை. ரேடியோவை மெல்லத் தூளிக்கு அருகே கொண்டுபோனாள். இரைச்சல் கூடியது. லூயியின் தலைக்குப் பக்கத்தில் ரொம்பவே கூடியது.

முட்டை வேகவில்லை, சரி. அப்படியானால் இது என்ன?

திங்கட்கிழமை அறிவியல் வகுப்பு முடிந்ததும் அமுதவல்லி மிஸ்ஸின் பின்னாலேயே வராந்தாவரை போய்க் கேட்டாள்.

மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"முட்டைக் கதை பொய்தான். ஆனா போன்லருந்து அலை வர்றது நிஜம். உன் ரேடியோ அதைத்தான் பிடிச்சிருக்கு."

"அது கெடுதலா மிஸ்?"

"எனக்குத் தெரியலம்மா. கெடுதல்னு யாரும் நிரூபிக்கல. பெரிய பெரிய ஆளுங்க இன்னும் ஆராய்ஞ்சுகிட்டுதான் இருக்காங்க. சின்னப் பிள்ளைங்ககிட்ட கொஞ்சம் தள்ளி வைக்கறது நல்லதுன்னு சொல்றாங்க. தள்ளித் தள்ளிப் போகப் போக அந்த அலை ரொம்பக் குறைஞ்சிடும்."

"அப்ப நான் பயப்படணுமா, வேணாமா?"

"பயப்பட வேணாம். தள்ளி வச்சா போதும்," என்றார் மிஸ். "பயப்படறது வேற, பாத்து நடந்துக்கறது வேற."

ஒரு டீச்சர் 'எனக்குத் தெரியல' என்று சொல்லி சிந்தியா கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவர் சொன்ன மற்றதெல்லாம் நம்பும்படி இருந்தது.

இந்த முறை அலமாரி வேலை வேண்டாம் என்று முடிவு செய்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் எதையும் எடுப்பதில்லை. அந்த இரைச்சலை அம்மாவே கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், "அம்மா, ஒரே ஒரு தடவை என்கூட வந்து இதைக் கேளுங்க. அப்புறம் நீங்க சொல்றதுதான்," என்றாள்.

வடிவேல் அண்ணனின் போனோடு தெருவில் நின்றான். முட்டை விஷயத்தில் அண்ணனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்ததால் இந்தத் தடவை கேட்டதும் கொடுத்துவிட்டான். அங்கிருந்து அழைத்து, பேச்சை நிறுத்தாமல் வைத்திருப்பதுதான் வடிவேலின் வேலை. அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். இல்லாத கிரிக்கெட் மாட்சுக்கு வர்ணனை சொல்லிக்கொண்டே போனான்.

லூயியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா கூடவே வந்தார். தூளிக்குப் பக்கத்தில், போனிலிருந்து ஒரு முழம் தள்ளி ரேடியோவைப் பிடித்தாள் சிந்தியா. டிர்ர்ர் என்று காதைத் துளைத்தது.

பிறகு போனையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்கள். மேலே திறந்த வானம். போனில் கோடுகள் நிறைந்துவிட்டன. அதே ஒரு முழம்தான். இரைச்சல் எவ்வளவோ குறைந்திருந்தது. இன்னும் நாலு எட்டு தள்ளிப் போனதும் ரேடியோவில் வெறும் பாட்டு மட்டும்தான் கேட்டது.

"ஏன்டி அறைக்குள்ள மட்டும் அவ்ளோ சத்தம்?" என்றார் அம்மா.

சிந்தியா யோசித்துச் சொன்னாள். "சுவர் கனமா இருக்கில்லம்மா. வெளிய இருக்கற டவருக்குக் கேக்கணும்னு போன் உள்ள இருந்து கத்துது போல. நீங்க அடுப்படியில இருந்து என்னை உரக்கக் கூப்பிடுவீங்களே, அந்த மாதிரி. இங்க வெட்டவெளி. மெல்லப் பேசினாலே போதும்."

அம்மா அறைக்குள் போனார். தூளிக்கயிற்றில் தொங்கிய காலிப் பையையும், அதற்குக் கீழே தலை வைக்கும் இடத்தில் இருந்த பள்ளத்தையும் பார்த்தபடி நின்றார். அவர் முகம் வாடிப்போனது.

"இத்தனை மாசமா அவன் தலைமாட்டுலயே கட்டி வச்சிருந்தேனே."

அம்மாவை அழவைக்கவா சிந்தியா இவ்வளவும் செய்தாள்?

"கெடுதல்னு யாரும் சொல்லலம்மா. மிஸ்ஸே அப்படித்தான் சொன்னாங்க. இனிமே தள்ளி வச்சா போதுமாம். அப்பா இவன்கூட இருக்கணும்னுதானே நீங்க கட்டினீங்க?"

அம்மா மூக்கை உறிஞ்சினார். பையைத் தன் கையாலேயே அவிழ்த்தார். சுரூபம் மட்டும் அங்கேயே இருந்தது.

"சரி. தள்ளி வைக்கறோம். அப்ப அப்பா குரல் இவனுக்கு எப்படிக் கேக்கும்?"

சிந்தியா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போனில் ஸ்பீக்கர் பொத்தான் ஒன்று இருந்தது. முன்கட்டுக்காரர்களுக்குக் கேட்குமே என்று கூச்சப்பட்டு அம்மா அதை அழுத்தியதே இல்லை. இப்போது அழுத்தினார்கள். முற்றத்தின் விளிம்பில் போனை வைத்துவிட்டு, தாழ்வாரத்தின் மறுகோடியில் பாய் விரித்து லூயியைப் படுக்கவைத்தார்கள். தெருவில் இருந்த வடிவேலைப் பேசச் சொன்னார்கள். அவன் தொண்டை கிழியக் கத்தினான். இங்கே ஒரு கொசு பாடுவதுபோல் கேட்டது. லூயி காக்காய்களை வேடிக்கை பார்த்தான்.

"குடத்துக்குள்ள போடலாம். குடத்துக்குள்ள பேசினா கணீர்னு கேக்கும்," என்று வடிவேல் உள்ளே ஓடிவந்து யோசனை சொன்னான்.

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. எவர்சில்வர் குடத்தைத் துடைத்து உள்ளே போனை வைத்தார்கள். வடிவேல் மறுபடியும் தெருவுக்கு ஓடினான். குடத்துக்குள்ளிருந்து, "ஹலோ சிந்... கேக்... தா... முட்..." என்று துண்டு துண்டாக அவன் வந்தான். பக்கத்தில் இருந்த ரேடியோ வெறிபிடித்ததுபோல் இரைந்தது. பிறகு வடிவேல் காணாமலேயே போய்விட்டான்.

சிந்தியா குடத்தைத் தட்டிப் பார்த்தாள். சுவர் மாதிரிதான் இதுவும். இரும்புச் சுவர். இதற்குள் போட்டால் போன் இன்னும் அதிகமாகத்தானே கத்தும்?

குரலைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் இரும்பாக இருக்கக் கூடாது. அவள் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூலையில் அம்மாவின் ரோஜாச் செடி இருந்த மண் தொட்டி, செடி பட்டுப்போய், காய்ந்த மண்ணோடு கிடந்தது. அதைக் கொட்டிக் கழுவித் துடைத்து, படுக்கவைத்தாற்போல் சாய்த்து, வாயைத் தாழ்வாரத்தின் பக்கம் திருப்பி, உள்ளே போனை வைத்தாள்.

"பேசுடா," என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வணக்கம் நேயர்களே," என்றது பூந்தொட்டி. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல், கனத்த, உருண்டையான குரல். தாழ்வாரத்தின் மறுகோடிவரை கேட்டது. லூயி காக்காயை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பினான். அம்மா ரேடியோவை எடுத்துத் தம்பியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாட்டு மட்டும்தான் கேட்டது.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. போனும் அடித்தது. சிந்தியா பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து அம்மாவோடு பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

"மொன் பெத்தி, என்னடா பண்ற?" என்று பூந்தொட்டி கேட்டது. "அம்மாவைத் தூங்க விடறியா?"

லூயி ஒரு நிமிடம் அசையாமல் இருந்தான். பிறகு லூயி இரண்டு கால்களையும் உதைத்து 'ங்கா' என்றான்.

"விடறான், விடறான்," என்று முன்கட்டிலிருந்து வீட்டுக்காரர் ராஜாங்கம் மாமாவும் பதில் சொன்னார். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதிலிருந்து அப்பா பூந்தொட்டிக்குக் குடிபோனார். அவருக்குக் காரணத்தைச் சொன்னபோது, "நானும் இங்க சட்டைப் பையில, நெஞ்சுக்கு மேலயேதான் வச்சிருக்கேன். எடுத்துடறேன்," என்றார். மழைக்காலம் வந்ததும் தொட்டி ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே நகர்ந்தது. லூயி தவழத் தொடங்கியதும் புதுத் தொல்லை ஒன்று வந்தது. அப்பா பேச ஆரம்பித்தால் போதும், அவரைப் பிடித்துவிடுவது என்று தொட்டியை நோக்கிக் கிளம்பிவிடுவான். தள்ளி வைத்த போனிடம் அவனே போய்ச் சேர்ந்தால் என்ன பயன்? தொட்டியைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தார்கள். பேச்சு இல்லாத நேரத்தில் மட்டும் காலித் தொட்டி கீழே இறங்கும். லூயி அதற்குள் தலையை விட்டுத் தேடுவான்.

கிறிஸ்துமஸ் வந்தது. சந்து முழுக்கக் காகித நட்சத்திரங்கள். சென்னை விமான நிலையத்திலிருந்து வந்த கார் தெருமுனையில் நின்றதும் சிந்தியா ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெட்டிகளை வாசலிலேயே போட்டுவிட்டு அப்பா நேராக உள்ளே வந்தார்.

தாழ்வாரத்துப் பாயில் லூயி உட்கார்ந்திருந்தான். அப்பா மண்டி போட்டுக் கைகளை நீட்டினார்.

லூயி அவரைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். பெரிய கோட்டைப் பார்த்தான். கீழுதடு மெல்லப் பிதுங்கியது. அடுத்த நொடி வீடு அதிர அழுதுகொண்டே அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"பரவாயில்ல, பரவாயில்ல. புது முகம்தானே," என்றார் அப்பா. நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவர் கண்கள் கலங்கியதை சிந்தியா பார்த்துவிட்டாள். அம்மாவும் பார்த்துவிட்டார்.

"தினமும் போன்ல பேசற பேச்சைப் பேசுங்களேன்," என்றார் அம்மா.

"மொன் பெத்தி," என்றார் அப்பா.

அழுகை சட்டென்று நின்றது. லூயி திரும்பினான். அப்பாவைப் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த காலிப் பூந்தொட்டியைப் பார்த்தான்.

சிந்தியாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வாங்க. அதுல பேசுங்க."

"எதுலம்மா?"

"தொட்டிக்குள்ளப்பா. அங்கதான் நீங்க இருக்கீங்கன்னு அவன் நினைச்சிட்டிருக்கான்."

பாரிஸ் ஓட்டலில் சமைக்கும் ஜோசப் ஆனந்த், கோட்டோடு தரையில் குப்புறப் படுத்து, பூந்தொட்டிக்குள் முகத்தை வைத்தார்.

"மொன் பெத்தி, என்னடா பண்ற? அம்மாவைத் தூங்க விடறியா?"

'ங்கா' என்றான் லூயி. அம்மாவின் புடவையை விட்டான். தவழ்ந்து வந்தான். தொட்டிக்குள் தலையை நீட்டினான். வழக்கமாக ஒன்றும் இருக்காது. இன்றைக்கு உள்ளே ஒரு மீசை இருந்தது.

கைப்பிடிச் சுவர் மேல் இருந்த போன் அடித்தது. அப்பா வந்துவிட்டாரா என்று கேட்க வடிவேலாகத்தான் இருக்கும். யாரும் எழுந்து போகவில்லை.

அப்பா மெல்லத் தொட்டியிலிருந்து முகத்தை வெளியே எடுத்து, பேசிக்கொண்டே இருந்தார். வெங்காய சூப் எப்படி வைப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். லூயி தொட்டியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, அந்தக் குரல் எங்கிருந்துதான் வருகிறது என்று பார்க்க, அப்பாவின் வாய்க்குள் விரலை விட்டான்.